தோல் போர்த்திய கன்று

தார்ப்பாயின் நான்கு மூலைகளிலும் கல் வைத்துவிட்டு ஆர்லிஸ் நிமிர்ந்தபோது, கணவர் ஹால்வர் வீட்டுப் பக்கமிருந்து இறங்கி வருவது தெரிந்தது. கையில் ஊன்றுகோல் இல்லை. ஏப்ரல் மாதத்துப் பனி மேலே இறுகியும் அடியில் சேறாகவும் இருந்தது. ஒவ்வொரு அடியையும் யோசித்து யோசித்து வைத்துக்கொண்டு வந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடிக்கலாமா என்று நினைத்து, பிடித்தால் கோபம் வரும் என்பதால் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

கன்று போடும் இந்த மேய்ச்சல் வயலுக்கு அவர் இந்த வருஷம் ஒருமுறைகூட வரவில்லை.

ஜனவரி கடைசியில் ஒருநாள் காலை, காபி கோப்பையை மேசைக்கும் வாய்க்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து சிந்துவதைப் பார்த்தபடியே சொன்னார்: "இலையுதிர் காலம் வந்ததும் மாடு எல்லாத்தையும் வித்துடலாம், ஆர்லிஸ்." நடுக்கத்துக்கு டாக்டர் ஒரு நோயின் பெயர் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மறுவாரம் அவள் கவுண்டி அலுவலகத்துக்கு, அதாவது மாவட்ட அலுவலகத்துக்குப் போய், ஓநாய்க் காவல் திட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

செத்த மாட்டுக்கு ஈடு கொடுப்பது பழைய ஏற்பாடு. இது வேறு. மாடு சாகாமல் பார்த்துக்கொள்வதற்குக் கூலி. வயலைச் சுற்றி, ஓநாய் மிரளும்படி சிவப்புத் துணித் துண்டுகள் தொங்கும் கயிறு கட்டவேண்டும். சினை மாடுகளை வீட்டுக்கு அருகே கொண்டுவந்து கன்று போட வைக்கவேண்டும். ராத்திரி முழுக்க வண்டியில் உட்கார்ந்து விழித்திருக்கவேண்டும். அதற்குக் கணக்குப் பார்த்துப் பணம் தருவார்கள். பக்கத்துப் பண்ணை மெர்ல், தீவனக் கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "ஓநாய்க்குத் தாலாட்டுப் பாட காசு குடுக்கறாங்களாமே, ராகம் நீங்களே போடணுமா, அவங்க சொல்லித் தருவாங்களா?" அவள் சிரித்துக்கொண்டே தவிட்டு மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டாள். அந்தப் பணம் வந்தால் குளிர்காலத்து வைக்கோல் கடன் அடையும். கடன் அடைந்தால் மாடுகள் நிற்கும். மாடுகள் நின்றால் ஹால்வர் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கும். மாடுகளை விற்ற பிறகு அவளுடைய அப்பா ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டு குளிர்காலம்கூட முழுசாக உட்காரவில்லை.

"எது?" என்றார் ஹால்வர், மூச்சு வாங்க.

"காதுப் பட்டை இருநூத்திப் பதினாலு. தலையீத்துக் கிடேரி."

அந்தக் கிடேரி பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தது. பின்பக்கம் இன்னும் ரத்தமும் ஈரமும். முதல் தடவை கன்று போடுகிற மாடு ஆள் இல்லாத இடம் தேடும். இதுவும் கயிற்றுக்கு அடியில் குனிந்து ஓடைக்கரைப் புதருக்குள் போயிருக்கிறது. துணித் துண்டுகள் எல்லாம் பனியில் உறைந்து கயிற்றோடு ஒட்டிக்கொண்டதால், வடக்கு மூலையில் ஆர்லிஸ் அவற்றைக் குச்சியால் தட்டி உதிர்த்துக்கொண்டிருந்தாள். கிடேரி கதறியது கேட்டது. ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு வண்டியை ஓட்டி வந்தபோது சாம்பல் நிறத்தில் இரண்டு உருவங்கள் புதருக்குள் போயின. ஓடவில்லை, நடந்துதான் போயின. கன்று சூடாகவே இருந்தது. உயிர் மட்டும் இல்லை.

"டாரில் கிம்மெலுக்குப் போன் பண்ணிட்டேன்" என்றாள். கிம்மெல்தான் கவுண்டியின் பரிசோதகர். "பதினோரு மணிக்கு வர்றானாம். தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கான்."

"நான் எங்க தொட்டேன்?"

"உன் முகத்தைப் பாத்தாத் தெரியுதே."

அவர் காலால் ஒரு கல்லை நகர்த்தி, தார்ப்பாயை மெல்லத் தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "கழுத்திலயும் தொடையிலயும்தான். முதுகு, வயிறு எல்லாம் நல்லா இருக்கு."

"ஹால்வர்."

"சும்மா சொன்னேன்."

சும்மா சொல்லவில்லை என்பது இருவருக்கும் தெரியும். கொட்டகையில் ஒரு கன்று இருந்தது. பிறந்து மூன்று நாள். அதன் தாய், கிழட்டுப் பசு, பள்ளத்தில் மல்லாந்து விழுந்து எழ முடியாமல் செத்துப்போனது. அதற்குக் காலையும் மாலையும் புட்டியில் பால் கொடுப்பது மட்டும்தான் ஹால்வருக்கென்று மிஞ்சியிருந்த வேலை. பாதிப் பால் கன்றின் வாயில் போகும், பாதி வைக்கோலில்.

கிடேரி தொண்டைக்குள்ளேயே முனகியது. மாடுகள் வேறு எதற்கும் அந்தக் குரலை எடுப்பதில்லை. பிறந்து ஒரு நாள் ஆகாத கன்றோடு பேச மட்டுமே வைத்திருக்கும் குரல் அது. முனகிவிட்டுத் தார்ப்பாயைப் பார்த்தது. பதில் வரவில்லை. மறுபடி முனகியது.

"பதினோரு மணிக்குள்ள தோல் விறைச்சுக் கட்டையாயிடும்" என்றார் ஹால்வர். "அவளும் மனசை விட்டுடுவா. தலையீத்து வேற. இப்போ, இந்த ஒரு மணி நேரத்துல இந்தத் தோலை உரிச்சு கொட்டகைக் கன்னு மேல போர்த்தி விட்டா, தன் கன்னுன்னு ஏத்துக்குவா. அப்புறம் தெய்வமே வந்தாலும் நடக்காது."

"விதி என்னன்னு உனக்குத் தெரியும். தோலோட, அப்படியே, யாரும் தொடாம அவன் பாக்கணும். தொட்டா கன்னுக் காசு போயிடும்."

"போகட்டுமே."

"அது போகட்டும். காவல் காசு? விதியை மீறினா ஒப்பந்தத்தையே நிறுத்தலாம்னு எழுதியிருக்கு. நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அப்புறம் வைக்கோல் கடனுக்கு நீ என் வளையலை விப்பியா? எனக்கு வளையலே கிடையாது."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பழைய ஹால்வராக இருந்தால் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்திருப்பார். கவுண்டியையும் கவுண்டியின் பாட்டனையும் சேர்த்துத் திட்டியிருப்பார். இப்போது கிடேரியை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "நீ சொல்றதும் சரிதான்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்க்கத் திரும்பினார்.

நாற்பத்தொரு வருஷக் கல்யாணத்தில் எத்தனையோ சண்டைகளில் ஆர்லிஸ் ஜெயித்திருக்கிறாள். இவ்வளவு சுலபமாக ஜெயித்ததில்லை. சேற்றில் மெதுவாக விலகிப்போகும் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, விதிப்படி எல்லாம் நடந்து, பணமும் வந்து, வைக்கோல் கடனும் தீர்ந்து, அறுபது மாடுகளும் வயலில் நிற்க, அவர் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. யாருக்காகக் கையெழுத்துப் போட்டோமோ அந்த ஆளையே அந்தக் கையெழுத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது.

"கிழவா" என்று கூப்பிட்டாள். "கத்தி எடுத்துட்டு வரணும்ல?"

அவர் நின்றார். திரும்பினார். சட்டைப் பையில் கையை விட்டுக் கத்தியை எடுத்துக் காட்டினார்.

"தீட்டி வேற வெச்சிருக்கியா?"

"சும்மா இருந்துச்சு, தீட்டினேன்."

"நல்ல சும்மா!" என்றாள். சிரிப்பு வந்தது; அழுகை வருகிற இடத்திலிருந்தே வந்ததால் குரல் கொஞ்சம் கோணியது.

முதலில் தார்ப்பாயை விலக்கி, போனில் நான்கு பக்கமும் படம் எடுத்தாள். கழுத்துக் காயத்தின் பக்கத்தில் தன் கையுறையை வைத்து ஒன்று, தொடைப் பக்கம் ஒன்று. பிறகு பின்கால்களைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள். ஹால்வர் எதிரில் உட்கார்ந்தார். உட்காருவதற்கே ஒரு நிமிஷம் ஆயிற்று.

கத்தியை எடுத்தபோது கை பயங்கரமாக ஆடியது. கத்தி முனை கன்றின் காலில் பட்டதும் பாதி அடங்கியது. சும்மா இருக்கும்போதுதான் அதிகம் நடுங்கும், வேலை கொடுத்தால் கொஞ்சம் பணியும் என்று டாக்டர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. கேட்டும், இந்த இரண்டு வருஷமாக அவர் கையிலிருந்து ஒவ்வொரு வேலையாக வாங்கிக்கொண்டவள் அவள்தான். சாவி, கோடரி, சேணம், கடைசியில் சட்டைப் பொத்தான். அன்பினால்தான் வாங்கினாள். சிந்துவதைப் பார்க்கப் பொறுக்காமலும் வாங்கினாள். இரண்டில் எது அதிகம் என்று தனக்குள் கேட்டுக்கொள்ளும் துணிச்சல் அவளுக்கு இதுவரை வந்ததில்லை.

"இழுத்துப் பிடி. தளர விடாதே. வாலை விட்டுடாதே, வால் வேணும். அவ முதல்ல அங்கதான் மோந்து பாப்பா."

"நாப்பது வருஷமா இதையே சொல்றே."

"நாப்பது வருஷமா நீ தளரத்தான் விடறே."

கத்தி ஒருமுறை வழுக்கித் தோலைக் கிழித்தது. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டுக்கூட எவ்வளவு நாளாயிற்று என்று அவள் நினைத்தாள்.

அரைமணி நேரமானது. முன்பெல்லாம் பத்து நிமிஷ வேலை. கடைசியில், கால்களுக்கு நான்கு துளைகளும் வாலுமாக, சின்னப் பிள்ளையின் சட்டை மாதிரி தோல் அவர் கையில் தொங்கியது. கழுத்திலும் தொடையிலும் பல் பட்ட ஓட்டைகள். ஹால்வரின் நெற்றியில், அந்தக் குளிரிலும், வேர்த்திருந்தது.

கொட்டகையிலிருந்து கன்றைக் கொண்டுவந்து, ஈரத் தோலை மேலே மாட்டி, வயிற்றுக்குக் கீழே வைக்கோல் கட்டுச் சணலால் கட்டினார்கள். அதற்குள் ஆர்லிஸ் கிடேரியைச் சின்னப் பட்டிக்குள் ஓட்டி வைத்திருந்தாள். கன்றை உள்ளே விட்டதும் கிடேரி தலையைத் தாழ்த்தி ஒரு முட்டு முட்டியது. கன்று உருண்டு எழுந்தது. எழுந்து, பசுவை விட்டுவிட்டு, நேராகப் பலகை வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற ஹால்வரிடம் ஓடி வந்து, அவர் கால்சட்டையைச் சப்ப ஆரம்பித்தது.

"டேய், டேய், நான் இல்லடா. உங்கம்மா அங்க இருக்கா."

"யாருகிட்ட பால் குடிச்சுதோ அவங்கதானே அம்மா" என்றாள் ஆர்லிஸ்.

"வாயை மூடிட்டு அவனை அங்க தள்ளு."

தள்ளினாள். திரும்பி வந்தது. மறுபடி தள்ளினாள். மறுபடி வந்தது. கடைசியில் ஹால்வர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து ஒளிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அறுபத்தெட்டு வயது ஆள், தொப்பி மட்டும் தொட்டிக்கு மேலே தெரிய, மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார். ஆளைக் காணாத கன்று பட்டி நடுவில் நின்று கத்தியது.

கிடேரி காதைத் திருப்பியது. ஒரு அடி வைத்து வாலை மோந்தது. நெடுநேரம் மோந்தது. பிறகு அந்தத் தொண்டை முனகல் வந்தது; நாக்கு நீண்டு தோலை நக்கத் தொடங்கியது. கன்று தடுமாறிக்கொண்டே மடியைத் தேடியது. முதலில் முன்கால் இடுக்கில் முட்டியது, பிறகு வயிற்றில், அதற்குப் பிறகுதான் சரியான இடத்தில். அப்புறம் வால் ஆடியது. கன்றின் சொந்த வால். அதன் மேலே தொங்கிய செத்த வால் சேர்ந்து ஆடியது.

"குடிக்குதா?" என்று தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கிசுகிசுப்பு.

"குடிக்குது."

"நிஜமாவா?"

"நீயே எழுந்து பாரு."

"எழ முடியல. கால் மரத்துப்போச்சு. நீ வந்து தூக்கு."

கிம்மெல் பதினொன்றே காலுக்கு வந்தான். நாற்பது வயதிருக்கும், யாரையும் நோகடிக்காமல் வேலையை முடித்துவிட்டுப் போகவேண்டும் என்று நினைக்கிற ஆள். தார்ப்பாயைத் தூக்கியவன் அப்படியே குந்தியிருந்தான்.

"மிஸஸ் பக்கன், இதுக்குத் தோல் எங்க?"

ஆர்லிஸ் பட்டியைக் கை காட்டினாள். "அங்க. பால் குடிச்சுக்கிட்டிருக்கு."

அவன் எழுந்து வந்து பலகை வழியாகப் பார்த்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நான் போன்ல சொன்னேனே…"

"நீ சொன்னே. நான் கேட்டேன். கேட்டுட்டுத்தான் செஞ்சேன்" என்றாள். ஹால்வர் குறுக்கே பேச வந்ததைக் கையமர்த்தினாள்.

அவள் போனில் எடுத்த படங்களை அவன் பார்த்தான். செத்த கன்றின் சதையில் ரத்தம் கட்டியிருந்ததைப் பார்த்துத் தலையாட்டினான். உயிரோடு இருக்கும்போது கடித்ததுதான். ஆனால் ஓநாயா, நரியா, ஊர் நாயா என்று சொல்ல, தோலின் உள்பக்கத்தில் பல் ஓட்டைகளின் இடைவெளியை அளக்கவேண்டும். காலடித் தடங்களைக் கிடேரியும் ஹால்வரும் சேர்ந்து மிதித்துச் சேறாக்கிவிட்டிருந்தார்கள். கிம்மெல் அளவுகோலை எடுத்துக்கொண்டு பட்டிக்குள் இறங்கினான். குடித்துக்கொண்டிருக்கும் கன்றின் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, தோலுக்குள் கையை விட்டு, "ஒண்ணு… ஒண்ணரை…" என்று ஆரம்பித்ததுதான் தெரியும். கிடேரி ஓர் உதை விட்டது. அளவுகோல் வேலிக்கு வெளியே வந்து விழுந்தது. கிம்மெல் எப்படி வந்தான் என்று யாரும் பார்க்கவில்லை.

"நல்ல தாய்" என்றார் ஹால்வர், பெருமையாக.

"சணலை அவுத்துத் தோலை எடுத்தாத்தான் அளக்க முடியும்" என்றான் கிம்மெல், முழங்காலைத் தடவிக்கொண்டே. "அஞ்சு நிமிஷம். திரும்பக் கட்டிடலாம்."

ஹால்வர், சொல்லவேண்டியவள் ஆர்லிஸ் என்பதுபோல் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவிழ்த்தால் வாசனை கலையும். அந்த ஐந்து நிமிஷத்தில் இது வேறு கன்று என்று கிடேரி கண்டுகொண்டால் அவ்வளவுதான். அது ஆர்லிஸுக்குத் தெரியும். அவிழ்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

"எத்தனை நாள்ல அவ அவனையே தன்னோடதா எடுத்துக்குவா?" என்று ஹால்வரைக் கேட்டாள், தெரிந்துகொண்டே.

"மூணு நாள். அவ பால் இவன் வயித்துல போய் வெளிய வந்தா, இவன்கிட்ட அவ வாசனையே அடிக்கும். அப்புறம் தோல் தேவையில்ல."

"மூணு நாள் கழிச்சு வந்து அளந்துக்கறியா டாரில்?"

"இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அறிக்கை போகணும். அதோட, மூணு நாள் கழிச்சு அந்தத் தோல் நாறும் பாருங்க, என் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

"அப்போ அவுக்க வேண்டாம். உனக்குத் தெரிஞ்சதை எழுது."

கிம்மெல் வண்டியின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதினான். 'ஓநாயாக இருக்கலாம்' என்று எழுதினான். 'ஓநாய்தான்' என்று எழுதினால் முழு ஈடு. 'இருக்கலாம்' என்றால் பாதி. அடுத்த கட்டத்தில், பரிசோதனைக்கு முன்பே உடல் கையாளப்பட்டது என்று எழுதும்போது அவன் காது சிவந்தது. "இதை எழுதாம இருக்க முடியாது, மிஸஸ் பக்கன்."

"எழுது. நடந்ததுதானே. காவல் ஒப்பந்தம் என்னாகும்?"

"மே மாசம் குழு கூடும். முதல் தடவைங்கறதால எச்சரிக்கையோட விடலாம். விடாமலும் போகலாம்." தாள்களைப் புரட்டினான். "அவங்களுக்கு உறுத்தப்போறது இது இல்ல. அறுபது மாட்டுக்கு ராத்திரிக் காவல் நீங்க ஒரே ஆள். வடக்கு மூலையில நீங்க இருந்தப்போ தெக்க நடந்திருக்கு. இரண்டாவது காவலர்னு ஒரு இடம் இருக்கு பாருங்க, அதுல 'யாரும் இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க. அங்க ஒரு பேர் இருந்தா நான் பேசறதுக்கும் வசதியா இருக்கும்."

தாள் ஹால்வர் பார்க்கிற கோணத்தில் இருந்தது. அவளுடைய கையெழுத்து, நிதானமான, அழகான கையெழுத்து. யாரும் இல்லை.

அவர் அதைப் படிப்பதை அவள் பார்த்தாள். "சரியாத்தான் எழுதியிருக்கா" என்றார் கிம்மெலிடம். "நான் என்ன, ஓடிப்போய் விரட்டவா போறேன்?"

பிப்ரவரியில் கவுண்டி அலுவலக மேசையில் உட்கார்ந்து அதை எழுதியபோது, அவர் உடம்புக்கு ஆகாது என்றுதான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. வண்டியில் தனியாக உட்கார்ந்திருக்கிற அந்த ராத்திரிகள் அவளுக்கு வேண்டியிருந்தன. யாருடைய கையும் நடுங்காத ராத்திரிகள். தட்டில் முட்கரண்டி தடதடக்கும் சத்தம் இல்லாமல், அடுத்தது என்ன விழும் என்று காது கொடுத்துக்கொண்டே இருக்காமல், மாடுகளின் மூச்சுக்கு நடுவில் தன் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு இருந்தாள். ஊர் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. அவளோ இருட்டுவதற்காகக் காத்திருந்தாள்.

"அந்தத் தாளைக் குடு" என்றாள்.

"ஆர்லிஸ், பரவாயில்ல" என்றார் ஹால்வர்.

"பரவாயில்லைன்னு நீ சொல்லாதே. நான் தப்பா எழுதிட்டேன்." பேனாவை வாங்கி, அந்த இரண்டு வார்த்தைகளையும் ஒரு கோடு போட்டு அடித்தாள். மேலே அவர் பெயரை எழுதினாள். "காதுக்கு ஒண்ணும் கேடு இல்லையே உனக்கு? ஹாரன் அழுத்தத் தெரியுமில்ல?"

"உட்கார்ந்துக்கிட்டே ஹாரன் அழுத்தறதுக்கும் காசு குடுப்பாங்களா, டாரில்?"

"அதுக்குத்தான் குடுக்கறாங்க, ஹால்வர்."

"அட. இது தெரியாம மாட்டை விக்கலாம்னு சொல்லிக்கிட்டிருந்தேன்." சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே அப்போதுதான் கேட்டதுபோல் கொஞ்சம் நின்றார். "அவனுக்கு இன்னொரு சணல் கட்டணும். வலப்பக்கம் சரியுது" என்று பட்டியைப் பார்க்க நடந்தார்.

சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, அவர் வண்டியின் வலப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றார். ஏற முடியவில்லை. காலினால் அல்ல, இருக்கையில் இடமே இல்லை. இரண்டு மாதத்தில் அவள் தனக்கென்று சேர்த்துக்கொண்ட அத்தனையும் அங்கே இருந்தன: இரண்டு கம்பளி, பாதி பின்னிய காலுறை, ரொட்டித் துணுக்குகள் கொட்டிய டப்பா, அட்டை கிழிந்த ஒரு நாவல், ஆரஞ்சுத் தோல்கள். அவர் அவற்றைப் பார்த்தார். இவ்வளவு நாளும் இங்கே ஒரு வீடு இருந்திருக்கிறது என்பது அவருக்குப் புரிந்ததோ என்னவோ, எதையும் தொடவில்லை, கேட்கவும் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல் காத்திருந்தார்.

ஆர்லிஸ் ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கம் வைத்தாள். மனம் ஒரு கணம் கனத்தது, அதை மறைக்கவில்லை. ஒரு கம்பளியை மட்டும் எடுக்காமல், இருக்கையின் மேல் நன்றாக விரித்து விட்டாள்.

"வா, ஏறு" என்றாள். "குளிர் உள்ள வருது."